நல்லா இருக்கேன் சார்

பழனிவேலுக்குக் கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரி மனப்பாடம். கண்ணாடி இல்லாமல் எதிரே வரும் பேருந்து எந்த ஊருக்குப் போகிறது என்று அவரால் படிக்க முடியாது. இருந்தும் வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கலில் அவர் ஒரு தடவைகூட அன்ஃபிட் ஆனதில்லை.

அவர் மட்டுமில்லை. சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைக் கொண்டுவரும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடும் ஒப்பந்தத் தொழிலாளிகள் எல்லோருக்கும் அந்த வித்தை தெரியும். மெடிக்கலுக்கு முந்தின நாள் சோற்றில் உப்பு போடக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்கும்போது மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு குலதெய்வத்தை நினைக்க வேண்டும். காது கேட்கிறதா என்று கேட்பவரின் வாயைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். முதுகு வலி, முட்டி வலி, இரைப்பு எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான். நல்லா இருக்கேன் சார்.

சுபாஷ் என்று ஒருவர் மட்டும் முட்டி வலிக்கிறது என்று உள்ளதைச் சொன்னார். ஒப்பந்தக்காரர் அவரை அடுத்த வாரமே நிறுத்திவிட்டார். இப்போது வடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் வாட்ச்மேன்.

இந்தப் பழக்கத்தோடுதான் பழனிவேல் புற்றுநோய் வைத்தியத்துக்குப் போனார்.

பெருங்குடலில் கட்டி. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது போக ஏதாவது ஒளிந்திருந்தால் அதைக் கொல்ல மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கை நரம்பு வழியாக ஊசி மருந்து. நடுவில் வீட்டில் சாப்பிட மாத்திரை.

முதல் தடவை ஏற்றிக்கொண்டு தன் ஊரான வடக்குத்துக்குத் திரும்பி, குடிக்கத் தண்ணீர் மோந்தபோது எவர்சில்வர் சொம்பு அவரை மின்சாரம் போல் அடித்தது. சொம்பு உருண்டு வாசல்படியில் போய் நின்றது.

"ஜில்லுன்னு இருக்கறத தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?" என்று அவர் மனைவி செவ்வந்தி ஓடி வந்தாள்.

"சொம்புன்னு சொல்லலயே."

"சொம்பு, குண்டான், கரண்டின்னு ஒவ்வொண்ணாவா சொல்லுவாங்க?"

மார்கழி மாதம். காலையில் எல்லாமே ஜில்லென்றுதான் இருந்தது. செவ்வந்தி எவர்சில்வர் டம்ளர்களைப் பரணில் ஏற்றிவிட்டு பிளாஸ்டிக் டம்ளர்களை இறக்கினாள். பழைய புடவையைக் கிழித்துக் குழாயின் திருகில் சுற்றினாள். கதவுத் தாழ்ப்பாளில் சுற்றினாள். வண்டியின் கைப்பிடியில் சுற்றினாள். குடிக்க வெந்நீர், வாய் கொப்பளிக்க உப்பு போட்ட வெந்நீர், குளிக்கப் பின்கட்டில் கல் கூட்டிக் காய்ச்சிய வெந்நீர். சோறு இறங்காத நாளில் கஞ்சியை ஒரே மூச்சில் கொடுக்காமல் மணிக்கொரு தரம் அரை டம்ளர் கொடுத்தாள்.

"வூடே ஆப்பரேசன் பண்ணிக்கினு கட்டுப் போட்டுக்கினு இருக்குது" என்றார் பழனிவேல்.

"சிரிங்க. தொவைக்கறது நான்தான?"

ஒவ்வொரு தடவையும் அந்த மின்சாரம் சில நாள் இருந்துவிட்டுப் போனது. தை பிறந்து வெயில் ஏறியது. புடவைக் கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. வைத்தியத்தில் பாதி தாண்டியாகிவிட்டது என்று செவ்வந்தி காளி கோவிலில் விளக்கு வைத்தாள்.

அப்போதுதான் வேறொன்று வந்தது. அது வந்துவிட்டுப் போகவில்லை.

கால் விரல்களில் தொடங்கியது. செருப்பு காலில் இருக்கிறதா, வழியில் விட்டுவிட்டோமா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. தரையில் நடப்பது மெத்தையில் நடப்பது போல் இருந்தது. பிறகு கை விரல் நுனிகள். பையில் கைவிட்டால் சாவி எது, சில்லறை எது என்று தெரியவில்லை. மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கினால் அது தரையில் விழுந்த சத்தத்தில்தான் வெளியே வந்ததே தெரிந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வந்தியிடமும் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. முன்பு ஒரு தடவை மருந்து ஏற்றும் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திண்டிவனத்துப் பக்கம். சிஸ்டர் கேட்கக் கேட்க, கால் எரிகிறது, தலை சுற்றுகிறது, சோறு தங்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். டாக்டரம்மா வந்து பார்த்தார். "இன்னைக்கு மருந்து வேண்டாம்" என்றார். அந்த மனிதர் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த தடவை பழனிவேல் போனபோது அந்த நாற்காலியில் வேறு ஆள்.

பழனிவேலுக்கு அது தெரிந்த விஷயம்தான். வாயைக் கொடுத்தார், அன்ஃபிட் ஆனார். சுரங்கத்தில் அன்ஃபிட் ஆனால் வேலை போகும். இங்கே மருந்து போகும். மருந்து போனால் கட்டி திரும்பும். திரும்பினால் அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

பெல்ட்டில் அவருடன் வேலை பார்க்கும் சசிகுமாரிடம் மட்டும் விஷயத்தை உடைத்தார். சசிகுமார் முதல் ஷிஃப்ட் முடிந்து வடக்குத்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவான். வழியில் இறங்கி ஒரு டீ குடிப்பான். பழனிவேல் அவனுக்கு மாமா. செவ்வந்தி அக்கா. ரத்த உறவு எதுவும் கிடையாது. பல வருஷம் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள்.

"இன்னா மாமா கேக்குது அந்த டாக்டரம்மா?"

"சட்ட பட்டன் போட முடியுதான்னு கேக்குது. கண்ண மூடச் சொல்லிட்டு கால் கட்டவெரல்ல ஒரு கம்பி வெக்கிது. கவட்ட மாதிரி இருக்குது அது. அதிருதா அதிருதான்னு கேக்குது."

"அதிருதா?"

"கல்லு மேல வெச்சாப்பல இருக்குதுடா."

சசிகுமார் டீயை உறிஞ்சினான். கண் பரிசோதனைப் பலகையை ஆட்களுக்குப் பாட்டாகக் கட்டிச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

"பட்டன் இல்லாத சட்டையப் போட்டுக்கினு போ. என் மச்சினன் ஒரு டி-சர்ட்டு வெச்சிகினு இருக்கான். நெஞ்சுல புலி போட்டிருக்கும்."

"இந்த வயசுல நெஞ்சுல புலியா?"

"உசுரா புலியா, நீயே சொல்லு. அந்தக் கம்பிய வெக்கறதுக்கு முன்னால எதுலயாவது தட்டுது இல்ல? தட்டுனா 'டிங்'குனு கேக்கும் இல்ல? கேட்டா அதிருதுன்னு சொல்லு. கேக்கலன்னா கம்முனு இரு."

"பெல்ட்டு சத்தத்துல காது போன லட்சணம் தெரியும் இல்ல ஒனக்கு?"

"போனது போவ மிச்சம் இருக்கும் மாமா. அத தீட்டி வெச்சிக்க."

அந்தத் தடவை பழனிவேல் புலிச் சட்டை போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி போனார். எதுக்கு இந்தக் கோலம் என்று செவ்வந்தி கேட்டதற்கு, பருத்தி, உடம்புக்கு இதமாக இருக்கிறது என்றார். கம்பி விஷயத்தில் எல்லாம் சரியாக நடந்தது. 'டிங்' கேட்டபோது அதிருது என்றார். கேட்காதபோது கம்மென்று இருந்தார்.

"பரவாயில்லையே, உங்க உடம்பு நல்லா தாங்குது" என்றார் டாக்டரம்மா.

பெல்ட்டில் ஃபிட் முத்திரை வாங்கி வெளியே வரும்போது நெஞ்சு விம்முமே, அப்படி விம்மியது. ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

அதற்குப் பிறகு மரத்துப்போனது கணுக்கால் வரை ஏறியது.

மாசியில் ஒரு காலை. செவ்வந்தி பின்கட்டில் வெந்நீர் வைத்துவிட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தாள். அடுப்பில் முந்திரி ஓடு எரிந்தது. அந்தப் பக்கத்தில் விறகைவிட அது மலிவு, நின்று எரியும். ஆனால் வெடிக்கும். வெடித்த துண்டு ஒன்று அடுப்புக்கு வெளியே வந்து விழுந்து கனிந்துகொண்டிருந்தது. பழனிவேல் அண்டாவின் மூடியைத் திறந்து ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க வாடை இது?" என்று செவ்வந்தி திரும்பினாள். அவர் காலைப் பார்த்தாள். "யோவ்! கால எடுய்யா!"

அவர் எந்தக் கால் என்று கேட்டார்.

அவள் அவரைத் தள்ளியதில் அலசிய துணியெல்லாம் மண்ணில் விழுந்தது. துவைக்கிற கல்லில் அவரை உட்காரவைத்து வாளித் தண்ணீரைப் பாதத்தில் ஊற்றினாள். உள்ளங்காலின் முன்பகுதியில் கருப்பாக ஒரு வட்டம். அதைச் சுற்றித் தோல் வெள்ளையாக உரிந்து நின்றது. பழனிவேல் அதை வேறொருவர் காலைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"வலிக்கலயா?"

"லேசா."

"கண்ண மூடு."

"எதுக்கு?"

"மூடுய்யா."

மூடினார்.

"இப்ப எந்த வெரலத் தொடுறேன்?"

"கட்டவெரல்."

"இப்ப?"

"சுண்டுவெரல். தெரியுதுடி, எல்லாம் தெரியுது."

"நான் தொடவே இல்ல."

அவர் கண்ணைத் திறந்தார். அவள் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சசிகுமாருக்கு போன் போனது. அவன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்து, சுரங்கத்து நகரியத்தில் ஒரு கிளினிக்குக்கு வண்டியில் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தான். காலையிலேயே பழனிவேல் வாயிலிருந்து எல்லாவற்றையும் கறந்துவிட்டிருந்த செவ்வந்தி, வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பிய தட்டுனா சத்தம் கேக்கும்னு நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"அக்கா, நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்கு! காலு கருகறது தெரியாம நின்னுக்கினு இருந்தாருடா. ரெண்டு நிமிசம் நான் திரும்பாம இருந்திருந்தா சுட்ட கறிதான்."

சசிகுமார் தலையைத் தொங்கப்போட்டான். பிறகு பழனிவேல் பக்கம் திரும்பி, "சொல்லிடு மாமா" என்றான்.

"நீயாடா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். பெல்ட்டுல ஒரு கிழிசல் பாத்தா இன்னா பண்ணுவ? ஓரத்துல போற கயித்த இழுத்து நிறுத்துவ இல்ல? 'எதுக்கு நிறுத்தற'ன்னு எவனாச்சும் கேக்கறானா?"

"அது பெல்ட்டு. நிறுத்துவான், ஒட்டுவான், மறுபடியும் ஓட்டுவான். ஓட்டித்தான் ஆவணும், ஊருக்குக் கரண்டு போவணும். நான் ஓடலன்னா எவனுக்கு இன்னா நஷ்டம்? ஒரு நாற்காலி காலி. நாளைக்கு வேற ஆள ஒக்கார வெப்பாங்க."

"இங்க ஒருத்தி நின்னுக்கினு இருக்கறது கண்ணுக்குத் தெரியலயா?" என்றாள் செவ்வந்தி.

அடுப்பில் மிச்சமிருந்த ஓடு ஒன்று வெடித்தது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "ஒன் ஒடம்பு, ஒன் வாய். ஆனா நீ அங்க ஒக்காந்து பொய் சொல்றப்போ பக்கத்துல நான் இருக்க மாட்டேன். வெளிய இருப்பேன்."

அடுத்த தடவை போகும்போது பழனிவேல் புலிச் சட்டையோடு, சுரங்கத்துக்குப் போட்டுப்போகும் பாதுகாப்பு ஷூவைப் போட்டுக்கொண்டார். முன்பக்கம் இரும்புத் தகடு வைத்தது. கட்டு வெளியே தெரியாது. பேருந்தில் செவ்வந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். காடாம்புலியூர் தாண்டும்போது சாலையின் இரண்டு பக்கமும் முந்திரி பூத்திருந்தது. அந்த வாசனை பேருந்துக்குள் நிறைந்தது. வழக்கமாக அந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்வாள். அன்று பண்ருட்டி வரும் வரைக்கும் பேசவில்லை. பண்ருட்டியில் அவர் கையில் இரண்டு இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்து, "தின்னு" என்றாள். அவள் தின்னவில்லை.

ஆஸ்பத்திரியில் சொன்னபடியே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு அன்று கூட்டம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க மேடம்."

"கை கால் மதமதப்பு?"

"இல்லைங்க."

"வீட்டுல வரலையா?"

"வெளிய இருக்குதுங்க."

"ரத்தம் நல்லா இருக்கு. ஏத்திக்கலாம்."

கம்பியைக்கூட வைக்கவில்லை. பழனிவேல் எழுந்தார். ஃபிட். நெஞ்சு விம்மும் என்று ஒரு நொடி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்து, பெஞ்சைப் பார்க்காமல், மருந்து ஏற்றும் கூடத்துக்குப் போனார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள். பெயர் காந்திமதி என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிஸ்டர் அவரை நொடிக்கொரு தரம் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் உள்ள குடும்பம். தலையில் முடி இல்லை. பூப்போட்ட துணி ஒன்றை முண்டாசாகக் கட்டியிருந்தார்.

"எழுதிக்க சிஸ்டரு. வாயெல்லாம் புண்ணு. ஒரு வெரக்கடை காரம் ஆவல."

"சரிம்மா."

"நகம் கறுத்துப் போச்சு. இந்தா பாரு, இது வுழுந்துடும் போல இருக்குது. வயித்தால போவுது, இல்லாட்டி ஒரேடியா கட்டிக்குது, நடுவுல நிக்க மாட்டேங்குது."

"சரிம்மா."

"மருமவ வெக்கற கொழம்பு நாறுது."

"அது மருந்தாலயா, மருமகளாலயாம்மா?"

"அத நீதான் கண்டுபுடிச்சி சொல்லணும்."

கூடமே சிரித்தது. பழனிவேல் சிரிக்கவில்லை. இந்த அம்மாள் ஒரு மெடிக்கலில் இவ்வளவு பேசினால் கேட்டைத் தாண்டி ஊர் எல்லைக்கே அனுப்பிவிடுவார்கள். அவர் காத்திருந்தார். இப்போது டாக்டரம்மா வருவார். மருந்து வேண்டாம் என்பார்.

டாக்டரம்மா வரவில்லை. சிஸ்டர் போனில் கேட்டார். வாய்ப் புண்ணுக்கு ஒரு களிம்பு எடுத்துவந்து கொடுத்தார். நகத்தைப் பார்த்தார். வயிற்றுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு மருந்துப் பையைக் கொக்கியில் மாட்டி, காந்திமதி அம்மாள் கையில் ஊசியைச் சேர்த்தார். சொட்டு விழத் தொடங்கியது. அந்த அம்மாள் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு பழனிவேலிடம் வந்தார். முழங்கைக்குக் கீழே தட்டி நரம்பு தேடினார். பஞ்சால் துடைத்தார். ஊசியின் உறையைக் கழற்றினார்.

பழனிவேல் அந்த ஊசியைப் பார்த்தார். தோலுக்குள் போய்விட்டால் பிறகு பேசிப் பயனில்லை.

"சிஸ்டர், இருங்க."

"பயமா? எத்தனை தடவை போட்டாச்சு."

அவர் குனிந்து ஷூவின் கயிற்றைப் பிடித்தார். விரலுக்கும் கயிற்றுக்கும் சம்பந்தம் இல்லாமல் போனது. முடிச்சு இங்கே இருக்க, விரல் வேறெங்கோ தடவியது. சிஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து நாற்காலி கண்ணைத் திறந்தது.

"அந்த முடிச்ச அவுத்து வுடும்மா அவருக்கு" என்றார் காந்திமதி அம்மாள்.

"கால் தெரியலைங்க" என்றார் பழனிவேல். "கையும் தெரியல. பொங்கல் கழிஞ்சதுலேர்ந்தே. நான் பொய் சொல்லிக்கினு இருந்தேங்க."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

டாக்டரம்மா வந்து, கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனே. ஏன் சொல்லல?"

"அன்ஃபிட் ஆக்கிடுவீங்கன்னுதாங்க."

"என்ன ஆக்கிடுவேன்?"

அவர் மெடிக்கலைப் பற்றிச் சொன்னார். உப்பு, குலதெய்வம், கம்பியின் சத்தம் எல்லாம் சொன்னார். புலிச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். காந்திமதி அம்மாள் சிரித்ததில் அவருடைய சொட்டு மருந்துக் குழாய் ஆடியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. தன் கையிலிருந்த அந்தக் கவட்டைக் கம்பியைப் பார்த்தார்.

"இன்னைக்கு மருந்து கிடையாது" என்றார்.

பயந்த வார்த்தை வந்துவிட்டது. பழனிவேல் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

"அப்புறங்க?"

"முதல்ல புண் ஆறணும். ஆறினதும் மாத்திரையை மட்டும் தொடரலாம். இந்த ஊசி மருந்து உங்களுக்கு இனிமே வேண்டாம். இன்னும் ஏத்தினா இந்தக் கால் உங்களுக்கு நடக்கவே உதவாது."

"ஒண்ண நிறுத்திட்டா நோவு திரும்பிடாதுங்களா?"

"திரும்பாதுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. ஏத்தினாலும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனா இதுவரைக்கும் போன மருந்து வீணில்ல. அது செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கும். இது உங்களுக்கு மட்டும் இல்ல, நிறைய பேருக்குப் பாதியில நிறுத்தறோம். நிறுத்தறதும் வைத்தியம்தான்."

"மரத்தது?"

"மெதுவா குறையும். மாசக்கணக்குல ஆகும். முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

பழனிவேல் திண்டிவனத்துக்காரரைப் பற்றிக் கேட்டார். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு போனவர். இப்போது எப்படி இருக்கிறார்?

டாக்டரம்மா யோசித்தார். "யாருன்னு தெரியலையே" என்றார். "தேதி மாறியிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வர்றாங்க."

பழனிவேல் வெளியே வந்தபோது செவ்வந்தி எழுந்துவிட்டாள். மருந்து ஏற மதியம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏத்தலயா?"

"இல்ல."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவருடைய ஷூக் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. குனிந்து கட்டினாள். ஒரு முடிச்சுப் போட அவ்வளவு நேரம் ஆகாது.

ஊசி மருந்து இல்லாத நாட்கள் பழனிவேலுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தன. உடம்பில் ஒன்றும் ஏறவில்லை, உள்ளே என்ன நடக்கிறதோ என்று விடியும்போதே நினைப்பு வரும். வயிற்றில் லேசாக இழுத்தாலும் அதுதான் என்று தோன்றும். செவ்வந்தி அவரை அப்படியே உட்காரவிடவில்லை. காலையில் எழுந்ததும் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், விரல் இடுக்குகள் உட்பட. வீட்டுக்குள்ளும் செருப்பு. குளிக்கிற தண்ணீரை அவள் கைவிட்டுப் பார்த்த பிறகுதான் அவர் தொடலாம். அடுப்புப் பக்கம் போனால் சத்தம் போட்டாள். அரிசியும் பயறும் கலந்த ஒரு முறத்தை அவர் முன்னால் வைத்து, பிரிக்கச் சொன்னாள். விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதல் நாள் அவர் கண்ணால் பார்த்துத்தான் பிரித்தார். அவள் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

"இது இன்னாடி கொடுமை?"

"புலி சட்ட போட்ட ஆளுக்குப் பயறு பொறுக்கத் தெரியலயா?"

சசிகுமார் வந்தால் அவனுக்கும் துண்டுக்கடியில் வேலை இருந்தது. அவன் சாதாரண விரல்களோடும் தப்பாகத்தான் பிரித்தான். பழனிவேலுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

"மாமா, பெல்ட்டுல கேட்டாங்க" என்றான் ஒருநாள். "நீ சொல்லிட்டன்னு சொன்னேன். ஜெயராமன் அண்ணன் நம்பவே இல்ல. 'பழனி வாயத் தொறந்தானா, எவன்டா தொறந்து வுட்டது'ன்னு கேட்டாரு."

"காடாம்புலியூர்க்காரம்மா ஒண்ணுன்னு சொல்லு."

பங்குனியில் புண் மூடியது. தோல் அந்த இடத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிசாக இருந்தது. சொன்ன தேதிக்குப் பாண்டிச்சேரி போனார்கள். இந்தத் தடவை செவ்வந்தி அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். பழனிவேல் சாதாரணச் சட்டை போட்டிருந்தார். காலையில் பட்டன்களை அவரே போட்டார். அதில் பஸ்ஸையே தவறவிட இருந்தார்கள்.

டாக்டரம்மா காலைப் பார்த்தார். கம்பியைத் தட்டி வைத்தார். கட்டைவிரலில் தெரியவில்லை என்றார் பழனிவேல். கணுக்காலில் வைத்தபோது ஏதோ ஒன்று, தூரத்தில் லாரி போவது போல, தெரிந்தது. அதையும் சொன்னார்.

"நல்ல விஷயம்" என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம். எழுதித் தர்றேன். மத்தபடி எப்படி இருக்கீங்க?"

பழனிவேல் செவ்வந்தியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"தூக்கம் வர்லைங்க" என்றார். "வந்தா பகல்ல வருது. விக்கல் எடுக்குது. சாப்புட்டதும் வயிறு கல்லு மாதிரி ஆவுது. ஆப்பரேசன் பண்ண எடத்துல இருமுனா இழுக்குது. உள்ளங்கையில தோலு உரியுது. உரிஞ்ச எடத்துல எலுமிச்சங்கா பட்டா எரியுது. வெய்யில்ல நின்னா கண்ணு இருட்டிக்கினு வருது..."

டாக்டரம்மாவின் பேனா நிற்கவில்லை. நடுவில் ஒன்றிரண்டுக்குத் தலையை நிமிர்த்திக் கேள்வி கேட்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதற்கு ஒரு களிம்பு எழுதினார்.

"மருமவ கொழம்பு பத்தி சொல்லலயே" என்று செவ்வந்தி முணுமுணுத்தாள். "மருமவ வந்தப்புறம் சொல்லுவாரு."

"வேற?" என்றார் டாக்டரம்மா.

பழனிவேல் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"பயமா இருக்குதுங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "எப்ப?"

"காலையில. கண்ண முழிச்சதும். அப்புறம் வேலை வந்துட்டா போயிடுது."

செவ்வந்தி அவர் பக்கம் திரும்பினாள். அது அவளுக்குப் புதிது.

"கீழ்த்தளத்துல ஒருத்தங்க இருக்காங்க. இதைக் கேக்கறதுதான் அவங்க வேலை" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை வாங்கிக்கிட்டு அவங்களைப் பாத்துட்டுப் போங்க. அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"கடைசி பஸ்ஸு வரைக்கும் இருக்கலாங்க" என்றாள் செவ்வந்தி.

மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டார்கள். நல்ல கனம் இருந்தது. பழனிவேல் அதைத் தானே வைத்துக்கொண்டார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கினார்.

"அங்க இன்னா கேப்பாங்க?"

"எத கேட்டா இன்னா. சொல்லுங்க."

கீழே அந்த அறையின் முன்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. செவ்வந்தி அவரை உட்காரச் சொன்னாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர் நகர்ந்து, தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருவருக்கும் இடம் கொடுத்தார்.

"உங்களுக்கு எந்த இடத்துல?" என்று கேட்டார்.

"குடல்ல" என்றார் பழனிவேல். பையை முழங்காலில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.